இருபத்தெட்டு ஆமென்

எங்கள் தபீதாள் அண்ணியிடம் யாராவது புதுச் சேலையைக் காட்டினால் "நல்லா இருக்கே" என்று சொல்லமாட்டார். "ரெண்டா எடுத்திருந்தா குறைச்சிருப்பானே" என்பார். ஒருமுறை இதை ஒரு மணப்பெண்ணிடமே, அவள் கட்டியிருந்த கல்யாணச் சேலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவரைத் தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டேன்.

நான் ஹெப்சி. லாசரஸ் அண்ணனின் ஒரே தங்கை. கீழ்க்கட்டளையில் அண்ணன் வீட்டுக்கு நேர் மேல்வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் இருக்கிறோம். அண்ணியைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது, ஏனென்றால் அவரோடு தினமும் சண்டை போடுவது நான்தான்.

அண்ணி பிறந்து வளர்ந்தது பல்லாவரம். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது இங்கே எல்லாமே பாக்கெட்தான். ஷாம்பு பாக்கெட், காபித்தூள் பாக்கெட், ஊறுகாய் பாக்கெட். காலையில் வாங்குவோம், மாலையில் தீரும். "இந்த வீட்டுல ஒரு சாமானாவது மறுநாள் வரைக்கும் உயிரோட இருக்காதா?" என்று வந்த வாரமே கேட்டார். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் அவருக்கு வேலை. முதல் சம்பளத்தில் எல்லோரும் ஸ்வீட் வாங்குவார்கள். அண்ணி சோப்புத்தூள் மூட்டை வாங்கி, ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டாராம். "இல்லன்னா இன்னும் லாபம்" என்று ராத்திரி சாப்பிடும்போதுகூட அந்தக் கண்டக்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவர் கையில் ஆன்லைன் கடை வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? சும்மா இருந்த ஆளுக்குச் சிறகு முளைத்துவிட்டது. தள்ளுபடி நாள் வந்தால் வீட்டில் சமையல் கிடையாது, உப்புமாதான். ஒரு கையில் தன் போன், இன்னொரு கையில் அண்ணன் போன், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "கிராமுக்கு எவ்வளவு வருது? கிராமுக்கு எவ்வளவு வருது?" என்று தனக்குத் தானே பேசிக்கொண்டிருப்பார். பருப்பு, எண்ணெய், பற்பசை, குளியல் சோப்பு எல்லாம் மொத்தமாகத்தான் வரும். பெட்டியை வெட்டுவதற்கென்றே ஒரு கத்தி. வெட்டிய அட்டைப்பெட்டிகளை மடித்து, கட்டி, பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவார். நான் கத்துவேன், "அண்ணி, மூணு பேரு இருக்கிற வீட்டுக்கு முப்பது சோப்பு எதுக்கு?" என்று. "சோப்பு கெட்டா போயிடும்? குளிக்காமயா இருக்கப் போறோம்?" என்பார். அதற்கு மேல் என்ன பேசுவது.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். மிச்சம் பிடிப்பதில் அண்ணி கெட்டிக்காரர். அண்ணன் மகள் அபிகாயிலின் கல்யாணத்துக்குப் பாத்திரம் எல்லாம் அப்படிச் சேர்த்ததுதான். கல்யாணமாகி அபி சேலையூரில் மாமியார் வீட்டுக்குப் போன பிறகு, அவள் இருந்த சின்ன ரூம் அண்ணியின் கிடங்காகிவிட்டது. அதில் ஒரு கட்டில் இருந்ததே எங்களுக்கு மறந்துபோயிற்று.

போன ஆடி மாதம் அபி போன் பண்ணி, உண்டாகியிருக்கிறேன் என்று சொன்னாள். அண்ணி போனைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடித்ததும் முதல் வார்த்தை: "ஹெப்சி, அந்த ரூம்ல ஏசி போடணும். மே மாச வெயில்ல பச்சப்புள்ள தாங்காது." அன்றிலிருந்து மிச்சமாகும் ஒவ்வொரு காசும் ஏசிக்கு என்று தனியாகப் போயிற்று. முதல் பிரசவம் அம்மா வீட்டில், தான் வளர்ந்த ரூமிலேயே மகள் இருக்க வேண்டும். அண்ணிக்கு அந்த ஒரே ஆசைதான். தூக்கத்தில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

கோளாறு வந்தது வாட்ஸ்அப்பில்.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒரு குழு இருக்கிறது. பொழுது விடிகிற நேரத்தில் யாராவது ஒருவர் வசனம் போடுவார். உடனே "ஆமென்", "ஆமென்" என்று வரிசையாக வந்து விழும். பல் துலக்கும் முன் ஆமென், பால் காய்ச்சும்போது ஆமென். ஒருநாள் வசனம் போடும் முறை அண்ணியுடையது. அன்றைக்கு ஆன்லைனில் தரை துடைக்கிற லிக்விட், எலுமிச்சை வாசனை, ஐந்து லிட்டர் கேன், மொத்தமாக எடுத்தால் பாதி விலை. அண்ணிக்கு மூளை வேலை செய்தது. மேலே ஆசீர்வாத வசனம், பூப்படம், காலை வணக்கம் எல்லாம் போட்டு, அதற்குக் கீழேயே, "சேர்ந்து எடுத்தால் ஒரு கேன் பாதி விலை, வேண்டும் என்பவர்கள் இங்கேயே சொல்லவும்" என்று எழுதி அனுப்பினார்.

இருபத்தெட்டு ஆமென் வந்தது.

அண்ணி பூரித்துப் போனார். "பாத்தியா ஹெப்சி! நம்ம சபைப் பொம்பளைங்களுக்குச் சிக்கனம் வந்துடுச்சு!" என்று மாடியேறி வந்து சொன்னார். கும்பிடுகிற கைப் படம் போட்டவர்களை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லையாம். "அது சந்தேகம். ஆமென் போட்டவங்க மட்டும்தான் நிச்சயம்." ஒரு கணக்கிலிருந்து நாலு கேனுக்கு மேல் வாங்க முடியாது என்று கடைக்காரன் போட்டிருந்தான். அண்ணி அசரவில்லை. தன் போன், அண்ணன் போன், அபி போன், மாப்பிள்ளை மெர்வின் போன், என் போன், என் வீட்டுக்காரர் போன், அது போதாமல் என் வீட்டுக்காரரின் பழைய போன். எல்லாவற்றிலும் தட்டித் தள்ளினார். நான் காலை நேரத்தில் போனைத் தொடுவதில்லை, அதனால் ஆமென் போட்ட பாவம் எனக்கில்லை. ஆனால் போனைக் கொடுத்த பாவம் இருக்கிறது.

சாமான் கொண்டுவரும் கதிரேசன் எங்கள் தெருவுக்குப் பழக்கமான ஆள். முதல் நாள் எட்டு கேன் இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாக்கா, கீழ்க்கட்டளை ஏரியையே கழுவி வுடப் போறீங்களா?"

"எல்லாம் சபைக்காரங்களுக்குப்பா. தண்ணி குடிக்கிறியா?"

"குடுங்க. குட்ச்சிட்டு மீதியை இறக்குறேன். வண்டில இன்னும் கீது."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அண்ணி ஒரு கேனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சங்கச் செயலாளர் ஜெனியிடம் போனார். ஜெனி அதைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள்.

"என்னக்கா இது?"

"உன்னோட கேன். நீதான் முதல்ல ஆமென் போட்ட."

"ஐயோ அக்கா, அது வசனத்துக்குப் போட்டது!"

"கீழ எழுதியிருந்தேனே, படிக்கலையா?"

"கீழ வேற இருந்துச்சா?"

இதையேதான் அடுத்த ஆளும் சொன்னார், அதற்கடுத்த ஆளும் சொன்னார். ஒருத்தரும் படித்திருக்கவில்லை. ஒருத்தர் மாமியார் திட்டுவார் என்றார், ஒருத்தர் வீட்டில் டைல்ஸே இல்லை என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படிக்காமல் ஆமென் போடுகிறவர்கள் மேல் பாதி, வசனத்துக்குக் கீழே வியாபாரம் பண்ணின அண்ணி மேல் பாதி. "வசனத்துக்குக் கீழ விலை போடலாமா அண்ணி? அதுக்குத்தான் இந்தத் தண்டனை" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். அண்ணி கேனை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால், லிக்விட் சாமான் திரும்ப எடுப்பதில்லையாம். மேடவாக்கம் ரோட்டில் இரண்டு கடையில் கேட்டோம், எங்களுக்கு வழக்கமான ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். இருபத்தெட்டு கேனும் சின்ன ரூமில், ஏற்கனவே இருந்த பருப்பு, சோப்பு, எண்ணெய் பெட்டிகளுக்கு முன்னால் சுவர் எழுப்பியது போல் நின்றன. அதில் ஒரு கேன் கசிந்து, வீடு முழுக்க எலுமிச்சை வாசனை. அண்ணன் சாதாரணமாக எதற்கும் வாய் திறக்கமாட்டார். அவரே, "தபீ, சாம்பார்லகூட வருது" என்றார்.

இந்த நேரம் பார்த்து ஏசி வந்துவிட்டது. மாட்டுவதற்கு வந்த இரண்டு பேரும் ரூம் வாசலிலேயே நின்றார்கள்.

"எந்தச் சுவத்துல மாட்டணும் மேடம்?"

"அதோ, அந்தச் சுவத்துல."

"சுவரே தெரியலையே மேடம்."

அவர்கள் சிரித்துக்கொண்டே படியிறங்க, எதிரே அபியின் மாமியார் கிறிஸ்டினா அம்மா ஏறி வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. இஸ்திரி கலையாத காட்டன் சேலை, அளந்து பேசுகிற பேச்சு. ஏழாம் மாத ஜெபத்துக்கு நாள் சொல்ல வந்தவர். ஜெபம் முடிந்து, கைநிறைய வளையல் போட்டு, அன்றைக்கே பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துவருவது எங்கள் வழக்கம். அபிக்கு எந்த ரூம் என்று பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு, அண்ணி தடுப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார்.

எலுமிச்சை வாசனைதான் முதலில் வெளியே வந்து அவரை வரவேற்றது.

"சம்மந்தி, தப்பா நினைக்காதீங்க," என்றார் கிறிஸ்டினா அம்மா. "இங்க கட்டில் எங்க இருக்குன்னே தெரியல. அபி எங்க வீட்டுலயே இருக்கட்டும். இடம் தாராளமா இருக்கு, நானே பாத்துக்கிறேன்."

அண்ணி உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். கப் தட்டில் தடதடவென்று ஆடியது. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனுஷி அப்படி வாயடைத்து நின்றதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நான்தான் குறுக்கே விழுந்தேன்.

"ரூமைக் காலி பண்ணிட்டா அனுப்புவீங்கல்ல?"

கிறிஸ்டினா அம்மா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "ஜெபத்துக்கு முன்னாடி காலியாச்சுன்னா பாக்கலாம்மா" என்றார்.

அவர் போனதும் அண்ணி கட்டில் இருக்க வேண்டிய திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். "எல்லாம் அவளுக்காகத்தானே சேர்த்தேன் ஹெப்சி. அந்தச் சாமானே அவ வர்ற வழியை அடைச்சிடுச்சே" என்றார். நான் திட்டுவதற்கு வைத்திருந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டேன்.

பருப்பும் சோப்பும் என் வீட்டுப் பரணில் ஏறின. எண்ணெய் டின்கள் அண்ணன் கட்டிலுக்கு அடியில் போயின. கேன்கள் மட்டும் நின்றன. அப்போதுதான் அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை என்பது ஞாபகம் வந்தது. அவரவர் வீட்டில் விளைந்ததை, செய்ததைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் சபை வளாகத்தில் பந்தல் போட்டு அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். பணம் சபைக்கு. அந்த ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், சாதாரண நாளில் கொத்தமல்லிக்குப் பேரம் பேசுகிறவர்கள் அன்றைக்கு ஒரு பூசணிக்காய்க்கு அடித்துக்கொள்வார்கள்.

"காணிக்கையா குடுத்துடறேன்," என்றார் அண்ணி. "லாபமும் வேணாம், போட்ட முதலும் வேணாம். என் பொண்ணு வந்தா போதும்."

மலிவாக வாங்கியதைச் சும்மா கொடுப்பது அண்ணிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும். ஏலம் நடத்துகிற யேசுதாசன் அண்ணா கேன்களைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "அக்கா, காணிக்கையை வேணாம்னு சொல்லக் கூடாது. ஆனா விக்காததை அன்னைக்கே எடுத்துட்டுப் போயிடணும். இங்க வைக்க இடமில்ல" என்றார்.

ஞாயிறு வந்தது. வாழைத்தார் போயிற்று, கேக் போயிற்று, கால் கட்டின சேவல் ஒன்று கத்திக்கொண்டே நல்ல விலைக்குப் போயிற்று. அபியும் மெர்வினும் கிறிஸ்டினா அம்மாவோடு வந்து பந்தலில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். யேசுதாசன் அண்ணா முதல் கேனைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"அஞ்சு லிட்டர்! எலுமிச்சை வாசனை! தரை கண்ணாடி மாதிரி ஆயிடும்! யார் கேக்கறீங்க?"

ஆமென் போட்ட அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருத்தர் சேலை முந்தானையை நீவினார், ஒருத்தர் பந்தல் துணியை எண்ணுகிற மாதிரி மேலே பார்த்தார். ஜெனி தன் பைக்குள் எதையோ தேடினாள். தேடிக்கொண்டே இருந்தாள். சேவல்கூட வாயை மூடிக்கொண்டது. அண்ணி குழாயடியில் நின்றுகொண்டு, ஈரமில்லாத கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். யேசுதாசன் அண்ணா இரண்டாம் தடவை கேட்டார். கேனைக் கீழே வைக்கப் போனார்.

"அறுநூறு!"

எல்லோரும் திரும்பினோம். கிறிஸ்டினா அம்மா எழுந்து நின்று கையைத் தூக்கியிருந்தார். கடை விலையைவிட அதிகம்.

"யாரு இவங்க?" என்று முன்வரிசையில் கிசுகிசுப்பு.

"தபீதாக்காவோட சம்மந்தி. சேலையூர் சபை."

"வெளி சபையா? நம்ம பண்டிகையில வெளி சபைக்காரங்க எடுத்துட்டுப் போறதா?"

ஜெனியின் கை பையிலிருந்து வெளியே வந்தது. "அறுநூத்தம்பது!"

"எழுநூறு," என்றார் கிறிஸ்டினா அம்மா, வகுப்பில் பேர் கூப்பிடுகிற குரலில்.

"எழுநூத்தம்பது!"

கிறிஸ்டினா அம்மா உட்கார்ந்துவிட்டார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கேன் ஜெனி மடியில். அடுத்த கேனைத் தூக்கியதும் மறுபடி எழுந்தார். மறுபடி ரோஷம். டைல்ஸ் இல்லாத வீட்டுக்காரி ஒன்று எடுத்தாள். மாமியார் திட்டுவார் என்று சொன்னவர் எடுத்தார், அவருடைய மாமியாரே பக்கத்திலிருந்து "விடாதடி, கேளு!" என்று தூண்டிவிட்டார். கணவன்மார் எல்லாம் பர்ஸைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். கிறிஸ்டினா அம்மாவுக்கு எங்கே ஏற வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. இரண்டு தடவை மட்டும் தப்பிப்போய், கேன் அவர் தலையிலேயே விழுந்தது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பாதி விலைக்குத் தேடி வந்ததை வேண்டாம் என்றவர்கள், முழு விலைக்கு மேலே கொடுத்து, வெயிலில் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்லா வேணும்.

கடைசிக் கேனும் போனது. அண்ணி நம்பமுடியாமல் காலி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிறிஸ்டினா அம்மா தன் இரண்டு கேனையும் மெர்வினிடம் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"எங்க சபையிலயும் இதே கதைதான்," என்றார். "வெளியாளு கை தூக்கினாதான் நம்மாளுங்க கை தூக்குவாங்க."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எதுக்கு சம்மந்தி..."

"என் பெரிய பொண்ணுக்கு வெளிநாட்டுல பிரசவம். எனக்கு விசா கிடைக்கல. பேரனை போன்லதான் முதல்ல பாத்தேன்." தலைமையாசிரியை குரல் கொஞ்சம் இறங்கியது. "அதான் அபியை நானே வச்சுக்கணும்னு ஒரு ஆசை. ரூமைச் சாக்கா வச்சுக்கிட்டேன். அன்னைக்கு நீங்க டீ கொண்டாந்தீங்க பாருங்க, அந்தக் கப்பு ஆடினதை மறக்க முடியல. எனக்குக் கிடைக்கலன்னு உங்களுதைப் பிடுங்கலாமா? ரூம் காலியாயிடுச்சு. ஜெபம் முடிஞ்சதும் உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க."

எதற்கும் பதில் வைத்திருக்கிற எங்கள் அண்ணிக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. அதுவும் அழுகையோடு வந்தது.

"ஆமென்."

ஏசி மாட்டியாயிற்று. அபி தான் வளர்ந்த ரூமில் இரண்டு மாதப் பெண் குழந்தையோடு படுத்திருக்கிறாள். சனிக்கிழமை தவறாமல் கிறிஸ்டினா அம்மா சேலையூரிலிருந்து வருகிறார். பேத்தியை மடியில் போட்டுக்கொள்வார், இன்னொரு கையில் போன். போன வாரம் நான் உள்ளே நுழையும்போது, "சம்மந்தி, டயப்பர் பெரிய பெட்டியா எடுத்தா ஒண்ணுக்கு எவ்வளவு வருது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். மறுநாளே கதிரேசன் வந்து பெட்டிகளை இறக்கினார். திட்டு வாய்வரைக்கும் வந்துவிட்டது எனக்கு. கட்டிலைச் சுற்றி வழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மாடிக்குப் போனேன்.